நூறு இணைப்புகளும் ஒரு எஃப்12 பொத்தானும்

கேள்வி: 3 ஜூன் 2025

பிசிஏ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். டெலிகிராம் குழுக்களில் 'டெவலப்பருக்கு வேண்டிய 100 இலவசத் தளங்கள்' என்று தினமும் ஒரு பட்டியல் வருகிறது. எல்லாவற்றையும் புக்மார்க் செய்து வைத்திருக்கிறேன். திறந்து பார்த்தால் பாதி கார்டு நம்பர் கேட்கிறது, மீதி 14 நாள் டிரையல் என்கிறது. இலவசம் என்று உண்மையில் எதுவும் கிடையாது என்பதுதான் என் முடிவு. தவறென்றால் சொல்லுங்கள் அண்ணா.

3 ஜூன் 2025, இரவு

முடிவு தவறு தம்பி, எரிச்சல் சரி. அந்தப் பட்டியலைப் போடுகிறவர்களில் பலர் அதிலுள்ளதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பக்கத்துக் குழுவிலிருந்து அள்ளி இங்கே கொட்டுவதுதான் வேலை. புக்மார்க்கை மொத்தமாக அழித்துவிடுங்கள், ஒன்றும் குடி முழுகிப் போகாது.

ஒன்று இலவசம் என்றால், அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைப்பது), கர்ல் (டெர்மினலிலிருந்து இணையத்தோடு பேசுவது), எஸ்க்யூலைட் (சின்னத் தரவுத்தளம்) எல்லாம் ஒரு ரகம். நம் கணினிக்கு வந்துவிட்டால் யாரும் திருப்பிப் பிடுங்க முடியாது. எஸ்க்யூலைட்டை ரிச்சர்ட் ஹிப் 2000இல் தொடங்கினார். உரிமை எதுவும் வைத்துக்கொள்ளாமல் பொதுச்சொத்தாக விட்டுவிட்டார். 2050 வரை பராமரிப்பதாகத் திட்டம் வைத்திருக்கிறார்கள். உங்கள் போனில் வாட்ஸ்அப் செய்திகள் சேமிக்கப்படுவதும் அதில்தான். கர்ல் 1998இலிருந்து இருக்கிறது, ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க் இன்னமும் அதைக் கட்டி மேய்க்கிறார். இவற்றுக்குக் கார்டு நம்பர் கேட்க ஆளே கிடையாது.

அடுத்தது, ஏதோ ஓர் அமைப்பு பொதுவில் நடத்துவது. வெப் நுட்பங்களுக்கு விளக்கம் தரும் மொசில்லாவின் எம்டிஎன், தளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் மாதிரி. ஆதரவு இருக்கும்வரை இருக்கும். மூன்றாவது, கம்பெனி ஆள் பிடிக்க வைத்திருக்கும் இலவசத் திட்டம். உங்களிடம் கார்டு கேட்டது பெரும்பாலும் இந்த மூன்றாவதாகத்தான் இருக்கும். கெட்டது என்று சொல்லவில்லை, நானே பயன்படுத்துகிறேன். அதை நம்பி இன்னொருவருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

4 ஜூன் 2025

4 ஜிபி ராம் பற்றி நேற்று ஒன்றும் சொல்லவில்லை. நிரல் எழுதும் விஎஸ் கோட் எடிட்டர் அதில் ஓடும், பத்து எக்ஸ்டென்ஷன் போட்டால் திணறும். விண்டோஸ் என்றால் நோட்பேட்++, லினக்ஸ் என்றால் ஜீனி. இரண்டும் கண் மூடித் திறப்பதற்குள் திறந்துவிடும். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுவிட்டால் லேப்டாப்புக்கே மூச்சு வரும்.

படிக்க எம்டிஎன் போதும். டபிள்யூ3 ஸ்கூல்ஸ் கெட்டதில்லை, மறந்துபோன டேக்கைச் சட்டென்று பார்க்க நல்லது. ஆனால் பெயரைப் பார்த்து அது வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தளம் என்று நினைக்க வேண்டாம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. டேட்டா தீர்ந்துபோகிற ஆள் என்றால் டெவ்டாக்ஸ் பாருங்கள். வேண்டிய மொழிகளின் ஆவணங்களை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமலே தேடலாம். பஸ்ஸில் போகும்போது நான் பார்ப்பது அதைத்தான்.

6 ஜூன் 2025

பட்டியலில் இருந்த நூறில் ஒரு முப்பதையாவது பிரவுசருக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். எஃப்12 அழுத்தினால் டெவலப்பர் கருவிகளாக வந்துவிடும். பலரும் கன்சோலில் சிவப்பு வரி வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

பக்கம் எதையெல்லாம் இறக்குகிறது என்று காட்டும் நெட்வொர்க் டேபைத் திறங்கள். 'டிசேபிள் கேஷ்' டிக் செய்து, வேகத்தை 3ஜிக்குக் குறைத்து, பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்கு இப்படிப் போட்டுக் காட்டினேன். சைஸ் என்ற தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்தியதும் மேலே வந்து நின்றது ஒரு பெட்ஷீட் படம். போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தார்கள், பல எம்பி. திரையில் அது தெரிந்தது உள்ளங்கை அளவு. "எங்க கடை சைட் ஸ்லோவா இருக்கு, சர்வரை மாத்தணுமா?" என்று கேட்டவருக்கு சர்வர் செலவு மிச்சம். படத்தைச் சுருக்க ஸ்கூஷ் என்று ஒன்று இருக்கிறது, கூகுள் குரோம் ஆட்கள் செய்தது. பிரவுசருக்குள்ளேயே சுருக்கும், படம் வெளியே போகாது. நடுவில் கோட்டை இழுத்து முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதே நெட்வொர்க் டேபில் ஏதாவது ஒரு வரிசையில் வலது சொடுக்கு, 'காப்பி ஆஸ் கர்ல்'. குக்கி, ஹெடர் எல்லாம் சேர்த்து முழுக் கட்டளையும் டெர்மினலில் ஒட்டத் தயாராகக் கிடைக்கும். ஏபிஐ (நிரல்கள் தங்களுக்குள் பேசும் வழி) ஏன் உதைக்கிறது என்று பார்க்க இதைவிட நேர் வழி எனக்குத் தெரியாது. ஒரு எச்சரிக்கை: உங்கள் லாகின் குக்கியும் (உள்ளே நுழைந்திருப்பதற்கான அடையாளம்) அதில் இருக்கும். 'உதவி செய்யுங்கள்' என்று அதை அப்படியே குழுவில் போடாதீர்கள். போடுகிறார்கள், பார்த்திருக்கிறேன்.

7 ஜூன் 2025

தளத்தில் கொடுத்த எழுத்துரு தமிழுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டவருக்கு. எஃப்12 பதில்தான் இதற்கும். குரோமில் தமிழ் எழுத்தின் மேல் வலது சொடுக்கி இன்ஸ்பெக்ட், அப்புறம் கம்ப்யூட்டட் டேபின் அடிவரை இறங்குங்கள். 'ரெண்டர்ட் ஃபான்ட்ஸ்' என்று இருக்கும். சிஎஸ்எஸ்ஸில் நீங்கள் எழுதியது ரோபோட்டோவாக இருக்கலாம், அங்கே நிர்மலா யூஐ என்று காட்டும். ரோபோட்டோவில் தமிழ் எழுத்தே கிடையாது, அதனால் விண்டோஸ் தன்னிடமுள்ளதைப் போட்டுவிட்டது. ஆண்ட்ராய்டில் வேறு ஒன்று வரும். 'என் கணினியில் நன்றாகத்தானே தெரிகிறது' சண்டையில் பாதி இதுதான்.

கூகுள் ஃபான்ட்ஸில் தமிழுக்கு கட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ என்று நல்லவை இருக்கின்றன. கடைகளின் தளத்துக்கு நான் போடுவது முக்தா மலர். ரசனை அவரவர் பாடு.

12 ஜூன் 2025

ஒரு அறிவிப்பு, பலர் கவனிக்கவில்லை போல. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் காலாவதியாகப் போகிறது என்று மெயில் அனுப்புமே, இந்த மாதம் 4ஆம் தேதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். சான்றிதழ் வாங்கித் தரும் சர்ட்பாட் கருவி தானாகப் புதுப்பிக்கிறதா என்று இன்றே ஒரு ஒத்திகை ஓட்டிப் பாருங்கள், அதற்கென்றே 'டிரை ரன்' இருக்கிறது. மெயில் வந்த பிறகு கையால் செய்துகொண்டிருந்தவர்கள் செப்டம்பரில் வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறீர்கள்.

20 ஜூன் 2025

கேள்வி: பெயர்ப் பெட்டிக்கு 20 எழுத்து வரம்பு வைத்தேன், தமிழில் தட்டினால் பாதியிலேயே நின்றுவிடுகிறது, என்ன லைப்ரரி போடுவது?

லைப்ரரி வேண்டாம். கன்சோலைத் திறந்து 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒவ்வொன்றும் தனித்தனி. நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் சேமித்தால் 15 பைட். ஒரே சொல்லுக்கு மூன்று அளவு. எந்த அளவை எங்கே எண்ணுகிறோம் என்று தெரியாமல் வரம்பு வைத்தால் இப்படித்தான்.

கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ண ஜாவாஸ்கிரிப்டிலேயே செக்மென்டர் வந்துவிட்டது. குரோமில் 2020இலிருந்து உண்டு. ஃபயர்ஃபாக்ஸ்தான் இழுத்தடித்தது, 2024 ஏப்ரலில் 125ஆம் பதிப்பில் சேர்த்தது. இப்போது எல்லா முக்கிய பிரவுசரிலும் இருக்கிறது. இந்த மாதிரி 'எதில் எப்போது வந்தது' என்று பார்க்க கேன் ஐ யூஸ் தளம். பட்டியலில் இருந்த நூறில் உருப்படியானது ஒன்று.

எஸ்எம்எஸ் அனுப்பும் தளம் செய்கிறவர்களுக்கு இது காசு விஷயம். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160, தமிழில் 70. அந்த 70இல் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். "தங்கள் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று மரியாதையாக எழுதினாலே பாதி தீர்ந்துவிடும்.

21 ஜூன் 2025

க்ஷ என்ன ஆகிறது என்று ஒரு குறும்பர் கேட்டிருக்கிறார். செக்மென்டர் அதை இரண்டாகத்தான் எண்ணும்: க், ஷ. ஸ்ரீயும் இரண்டு. ஆக 'லக்ஷ்மி' நான்கு. திருமண அழைப்பிதழ்த் தளம் நடத்துகிறவர்கள் மட்டும் கவலைப்படுங்கள்.

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் பற்றியும் ஒன்று. அதில் வெறும் 'யூடிஎஃப்8' என்று போட்டால் ஒரு எழுத்துக்கு 3 பைட் வரைதான் இடம். தமிழ் எழுத்து சரியாக 3 பைட், அதனால் தமிழ் பிழைத்துக்கொள்ளும். பின்னாலேயே யாராவது ஒரு சிரிப்பு எமோஜி போட்டால் அது 4 பைட், பிழைச் செய்தி வரும், அல்லது வெட்டுப்படும். 'தமிழ் வருது, ஆனா சில பேர் கமென்ட் மட்டும் சேவ் ஆகல' என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள். யூடிஎஃப்8எம்பி4 போட வேண்டும். அது 2010இலிருந்தே இருக்கிறது, ஆனாலும் பழைய டேபிள்கள் ஒழிந்தபாடில்லை.

9 ஜூலை 2025

இலவசமாகத் தளம் போட இடம் கொடுத்த கிளிட்ச் நேற்றோடு தளங்களை ஓட்டுவதை நிறுத்திவிட்டது. மே மாதமே சொல்லிவிட்டார்கள். அங்கே எழுதிய நிரலை இந்த ஆண்டு இறுதிவரை இறக்கிக்கொள்ளலாம். அதில் ஏதாவது வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், டிசம்பரில் நினைவு வராது.

ஜூன் 3ஆம் தேதி ரகம் பிரித்தேனே, கம்பெனி ஆள் பிடிக்க வைத்திருக்கும் மூன்றாவது ரகம், இதோ. புதிதும் இல்லை. ஜியோசிட்டீஸ் 2009இல் போனது. கூகுள் கோட் 2016இல். ஹெரோகுவின் இலவசத் திட்டம் 2022 நவம்பர் 28இல் நின்றது. அன்றைக்கு எத்தனை கல்லூரி ப்ராஜெக்ட் லிங்க் செத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காக இலவச ஹோஸ்டிங் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. நிரல் கிட்டில் உங்கள் கணினியில் இருக்கட்டும், டொமைன் (தள முகவரி) உங்கள் பெயரில் இருக்கட்டும். டொமைனுக்கு மட்டும் காசு கொடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்த இரண்டும் கையில் இருந்தால் எவன் கடையை மூடினாலும் சாயங்காலத்துக்குள் வேறு இடத்துக்கு மாறிவிடலாம்.

10 ஜூலை 2025

நேற்று எழுதியதற்கு "எங்கேதான் போடுவது?" என்று வரிசையாகக் கேள்வி. யாரும் படித்துப் பார்க்காத விதிமுறைப் பக்கத்தில் இருப்பது:

கிட்ஹப் பேஜஸ்: தளம் 1 ஜிபிக்குள், மாதம் 100 ஜிபி போக்குவரத்து வரை கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் கடை நடத்த, காசு வாங்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். வெர்சலின் ஹாபி திட்டமும் சொந்த உபயோகத்துக்கு மட்டும். அங்கே வாடிக்கையாளர் தளத்தைப் போட்டுவிட்டு அவரிடம் 'ஹோஸ்டிங் சார்ஜ்' வாங்குகிறவர்கள் யார் யார் என்று இந்த இழையிலேயே எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.

கிளவுட்ஃப்ளேர் பேஜஸ்: இலவசத்தில் மாதம் 500 பில்ட் (தளத்தைத் தொகுத்து ஏற்றுவது), ஒரு கோப்பு 25 எம்பிக்குள். ஸ்டாட்டிக் தளத்துக்கு (சர்வரில் நிரல் ஓடாத, வெறும் கோப்புகளாலான தளம்) தாராளம்.

பின்னால் சர்வர் வேண்டுமென்றால்தான் சிக்கல். ரெண்டரின் இலவச சர்வர் 15 நிமிடம் யாரும் வரவில்லையென்றால் தூங்கிவிடும், அடுத்து வருகிறவர் அது எழுந்திருக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதன் இலவச போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்கு ஆயுள் 30 நாள். தரவுத்தளச் சேவையான சூப்பாபேஸ் ஒரு வாரம் ஆள் நடமாட்டம் இல்லையென்றால் ப்ராஜெக்டை நிறுத்தி வைக்கும். எல்லாம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் செய்கிறார்கள், குறை சொல்ல முடியாது.

தம்பிக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. ரெஸ்யூமேயில் கொடுக்கும் டெமோ லிங்க்கை, ஆள் எடுக்கிறவர் திறந்து வெள்ளைத் திரையைப் பார்த்தால் அரை நிமிடம்கூடக் காத்திருக்க மாட்டார். நானும் ஆட்களைத் தேர்வு செய்திருக்கிறேன், நானே காத்திருந்ததில்லை. டெமோவின் முகப்பு ஸ்டாட்டிக்காக இருக்கட்டும், உடனே திறக்கட்டும். சர்வரைத் தொடும் பகுதி உள்ளே இருக்கட்டும்.

2 ஆகஸ்ட் 2025

பட்டியல்களில் தவறாமல் வருவது ஜேசான் ஃபார்மேட்டர் தளங்கள். நிரல்கள் பரிமாறிக்கொள்ளும் ஜேசான் தரவைக் கண்ணுக்குப் படிக்கும்படி அடுக்கிக் காட்டுபவை. ஒரு அலுவலகத்தில், பெயர் வேண்டாம், ஒருவர் வாடிக்கையாளர் விவரங்கள் இருந்த முழு சர்வர் பதிலையும் அப்படி ஒரு தளத்தில் ஒட்டி, அழகாக்கி, 'சேவ்' அழுத்தி, அந்த லிங்க்கை டீம் சாட்டில் போட்டதைப் பார்த்தேன். லிங்க் வைத்திருக்கும் யாரும் திறக்கலாம். யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஜேசான் கோப்பை ஃபயர்ஃபாக்ஸில் திறந்தாலே மடக்கி விரித்துக் காட்டும். டெர்மினலில் அதற்கு ஜேக்யூ என்ற கட்டளை. ஒரு புள்ளியைக் கொடுத்தால் வண்ணத்தோடு அடுக்கிக் காட்டும், பத்தாயிரம் வரியில் ஒரு புலத்தை மட்டும் பிடுங்கித் தரும். பேஸ்64, ஹேஷ், டைம்ஸ்டாம்ப், யூஆர்எல் என்கோடிங் என்று சில்லறை வேலைகளுக்கு சைபர்செஃப். அது மொத்தமும் பிரவுசருக்குள் ஓடும், இறக்கி வைத்துக்கொண்டு நெட்டைத் துண்டித்துவிட்டும் பயன்படுத்தலாம். செய்து கொடுத்தது ஜிசிஎச்கியூ, பிரிட்டனின் ஒட்டுக்கேட்கும் துறை. தரவு வெளியே போகாத கருவி வேண்டுமென்றால் ஒற்றர்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

3 ஆகஸ்ட் 2025

"எப்படித் தெரியும், வெளியே போகவில்லை என்று?" நல்ல கேள்வி. நெட்வொர்க் டேபைத் திறந்து வைத்துக்கொண்டு போலித் தரவை ஒட்டி பொத்தானை அழுத்துங்கள். புதிதாக ஒரு வரிசை தோன்றினால் அதன் பேலோடை (அனுப்பிய தரவை) பாருங்கள். நீங்கள் ஒட்டியது அங்கே இருந்தால் போய்விட்டது. தோன்றாவிட்டாலும் முழு உத்தரவாதம் இல்லை, பின்னால் அனுப்பலாம். அதனால்தான் நெட்டைத் துண்டித்துவிட்டும் ஓடுகிறதா என்று பார்ப்பது, அப்புறம் அந்த டேபை மூடிவிட்டு நெட்டை இணைப்பது.

14 செப்டம்பர் 2025

சிடிஎன்னிலிருந்து (பலருக்கும் பொதுவாகக் கோப்புகளை வழங்கும் வெளி சர்வர்) ஒரே வரியில் ஸ்கிரிப்டை இழுத்துப் போடுவது பற்றி விவாதம் சூடாகப் போகிறது. என் கட்சி: இறக்கி உங்கள் தளத்திலேயே வையுங்கள்.

பாலிஃபில் டாட் ஐஓ கதை தெரியாதவர்களுக்கு. பழைய பிரவுசர்களுக்காக வைத்திருந்த இலவசச் சேவை. 2024 பிப்ரவரியில் அந்த டொமைனே ஃபன்னல் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. ஜூனில் அதிலிருந்து நச்சு ஸ்கிரிப்ட் வருவதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அந்த வரியை வைத்திருந்தன, பலருக்கு வைத்திருப்பதே தெரியாது. 'இன்டெக்ரிட்டி ஹேஷ் போட்டால் போதாதா' என்று மேலே ஒருவர் சொல்கிறார், அதாவது கோப்பு மாறியிருந்தால் பிரவுசர் மறுத்துவிடும்படி அதன் கைரேகையைக் குறித்து வைப்பது. மற்றதற்குப் போதும், இதற்குப் போதாது. வருகிற பிரவுசரைப் பார்த்து ஆளுக்கொரு கோப்பு அனுப்புவதுதான் அந்தச் சேவையே. மாறிக்கொண்டே இருப்பதற்கு ஹேஷ் எப்படிப் போடுவது?

ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் கிடங்கான என்பிஎம்மும் இதே தெரு. 2016இல் 11 வரி நிரல் ஒன்றை எழுதியவர் கோபித்துக்கொண்டு நீக்கினார், உலகம் முழுக்க பில்ட் உடைந்தது. இடது பக்கம் வெற்றிடம் நிரப்பும் வேலை, அவ்வளவுதான். இன்றைக்கு அது ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது.

19 அக்டோபர் 2025

தீபாவளிக்கு ஊருக்கு வந்ததால் தாமதம். இரண்டு சின்னப் பதில்கள்.

தளத்தில் வரைபடம் காட்ட: லீஃப்லெட் என்ற லைப்ரரி, பொதுமக்கள் சேர்ந்து வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப். தரவு இலவசம், 'ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று ஓரத்தில் போட வேண்டும். வரைபடத்தைப் படத் துண்டுகளாக அனுப்பும் அவர்களது டைல் சர்வர் நன்கொடையில் ஓடுவது, கூட்டம் வரும் செயலியை அதன் தலையில் கட்டக் கூடாது, தடுத்துவிடுவார்கள். கடை எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு பக்கத்துக்குத் தாராளமாகப் போடலாம். உங்கள் தெரு அதில் இல்லையென்றால் நீங்களே வரையலாம். எங்கள் ஊர்ச் சந்தைக்குப் போகும் சந்து நான் வரைந்தது.

ஏஐயிடம் கேட்டே எல்லாம் செய்யலாமே என்பவருக்கு: கேளுங்கள், நானும் கேட்கிறேன். அது சொல்லும் பேக்கேஜ் பெயர் உண்மையில் இருக்கிறதா, யார் போட்டது, எப்போது போட்டது என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள். இல்லாத பெயரை அடித்துச் சொல்லும். அந்தப் பெயரில் எவனாவது கெட்டதை ஏற்றி வைத்துக் காத்திருக்கலாம். எம்டிஎன்னோடு ஒத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் பயமில்லை.

27 நவம்பர் 2025

ஜேசான் ஃபார்மேட்டர் பற்றிய ஆகஸ்ட் 2 குறிப்பைப் படித்து 'ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள்' என்றவர் எங்கே? வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு நிறுவனம் இந்த வாரம் வெளியிட்டிருக்கிறது. பேர்பெற்ற இரண்டு ஃபார்மேட்டர் தளங்களில் மக்கள் 'சேவ்' செய்துவைத்த 80,000க்கும் மேற்பட்ட துண்டுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே கடவுச்சொற்கள், ஏபிஐ சாவிகள், கிளவுட் சாவிகள். உடைத்து எடுக்கவில்லை, திறந்தே கிடந்தது.

ஏற்கெனவே ஒட்டியவர்கள் லிங்க்கை அழிப்பதோடு நிறுத்த வேண்டாம். சாவியையே மாற்றுங்கள்.

4 டிசம்பர் 2025

ஜூன் 12 குறிப்போடு சேர்த்துப் படிக்கவும். லெட்ஸ் என்கிரிப்ட் தன் சான்றிதழின் ஆயுளை 90 நாளிலிருந்து 2028க்குள் 45 நாளுக்குக் குறைக்கப் போவதாகச் சொல்லிவிட்டது. அவர்கள் மட்டுமில்லை, காசு கொடுத்து வாங்கும் சான்றிதழும் 2029 மார்ச்சில் 47 நாளுக்கு வந்துவிடும், பிரவுசர் கம்பெனிகளும் சான்றிதழ் கம்பெனிகளும் சேர்ந்து எடுத்த முடிவு. 'வருஷத்துக்கு ஒரு தடவை வாங்கிப் போட்டுட்டா நிம்மதி' என்று காசு கட்டிக்கொண்டிருக்கும் கடைக்காரர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

தம்பி, உங்கள் டெமோ லிங்க்கைத் திறந்து பார்த்தேன். வேகமாக வருகிறது. முகப்புப் படத்துக்கு அகலமும் உயரமும் கொடுக்காததால் படம் வந்ததும் எழுத்தெல்லாம் கீழே குதிக்கிறது. எஃப்12இல் பக்கத்தைச் சோதிக்கும் லைட்ஹவுஸ் ஓட்டினால் அதையேதான் சொல்லும். சரிசெய்துவிட்டு அனுப்புங்கள்.